குலுங்கியதால் ஒரு விமானமும் விழுந்ததில்லை என்பது உண்மையா?

கேள்வி: மும்பை முலுண்டிலிருந்து ஒரு வாசகர், 7 ஜூன் 2024

ஆடி முடிந்து ஆவணியில் தூத்துக்குடியில் தங்கைக்கு வளைகாப்பு. அண்ணன் நான் போகாமல் முடியாது. மனைவி விமானத்தில்தான் போக வேண்டும் என்கிறாள். கைக்குழந்தையோடு ஒன்றரை நாள் ரயிலில் உட்கார முடியாதாம். நியாயம்தான். ஆனால் விமானம் லேசாக ஆடினாலே எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடுகிறது. முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வேன். குலுங்கியதால் இதுவரை ஒரு விமானம்கூட விழுந்ததில்லை என்று அலுவலகத்தில் எல்லோரும் அடித்துச் சொல்கிறார்கள். உண்மையா? உண்மையென்றால் எனக்கு ஏன் இப்படி ஆகிறது?

7 ஜூன், இரவு

உண்மை இல்லை, தம்பி.

1966 மார்ச் 5 அன்று டோக்கியோவிலிருந்து ஹாங்காங் புறப்பட்ட போயிங் 707 ஒன்று ஃபூஜி மலைக்கருகே காற்றுக் கொந்தளிப்பில் சிக்கி வானத்திலேயே உடைந்தது. அதில் இருந்த 124 பேரும் இறந்தார்கள். 1981 அக்டோபர் 6 அன்று நெதர்லாந்தில் ஃபாக்கர் எஃப்-28 ஒன்று சுழல்காற்றுக்குள் மாட்டியது. 17 பேர் இறந்தார்கள். "ஒன்றுகூட இல்லை" என்பவர்கள் உங்களைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார்கள், பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

எனக்குத் தணிக்கை வேலை. "ஒன்றுகூட இல்லை" என்று யாராவது சொன்னால் பேரேட்டை எடுத்து வரச் சொல்கிற பழக்கம். அதே பழக்கத்தில் இன்னொன்றும் சொல்கிறேன்: இந்த இரண்டு விபத்துகளையும் படித்த பிறகுதான் எனக்குப் பயம் குறைந்தது. ஏன் என்று நாளை எழுதுகிறேன். அடுப்பில் குழம்பு.

8 ஜூன், காலை

இரவோடு இரவாக மூன்று பேர் திட்டியிருக்கிறீர்கள். பயந்தவரிடம் போய் 124 பேர் இறந்ததைச் சொல்வதா என்று தானேக்கார அக்கா கேட்கிறார். பயந்தவருக்குத்தான் சொல்ல வேண்டும், அக்கா. பயமில்லாதவருக்கு இது எதற்கு? என்னிடம் முதலில் "நடக்கவே நடக்காது" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பிறகு ஒரு நாள் எங்கோ ஃபூஜி கதையைப் படித்தேன். அன்றிலிருந்து அவர்கள் சொன்ன மற்ற ஆறுதல்களையும் நான் நம்பவில்லை. ஒரு பொய் பிடிபட்டால் கணக்கு முழுவதையும் சந்தேகப்படத்தானே தோன்றும்?

இப்போது அந்த விபத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். பலமான காற்று உயரமான ஒற்றை மலையில் மோதும்போது, மலைக்குப் பின்பக்கம் காற்று மேலும் கீழுமாகப் புரளும். தாமிரபரணியில் பாறைக்குப் பின்னால் தண்ணீர் சுழிக்கிறதே, அது போல. வானம் தெளிவாக இருந்த நாள் அது. விமானம் மலையை ஒட்டிப் போனது. மலையலைகளைப் பற்றி அன்று தெரிந்ததற்கும் இன்று தெரிவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. காற்று எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் வீசுகிறது, எந்த மலைக்குப் பின்னால் போகக்கூடாது என்பதெல்லாம் இன்று புறப்படுவதற்கு முன்பே விமானியின் கையில் இருக்கும் தாள்களில் இருக்கிறது.

இறக்கையைப் பற்றி. ஒரு பயணிகள் விமானம் தன் ஆயுளில் சந்திக்கக்கூடிய மிகப் பெரிய சுமை எவ்வளவு என்று முதலில் கணக்கிடுகிறார்கள். அதைப்போல ஒன்றரை மடங்கைக் குறைந்தது மூன்று விநாடி தாங்கினால்தான் சான்றிதழ். 1995இல் போயிங் 777இன் இறக்கைகளைச் சோதனைக் கூடத்தில் கயிறு கட்டி மேல்நோக்கி வளைத்துக்கொண்டே போனார்கள். 154 சதவீதத்தில்தான் முறிந்தது. 2006இல் ஏர்பஸ் ஏ380இன் இறக்கை 150ஐத் தொடுவதற்குச் சற்று முன்பே முறிந்துவிட்டது. பரவாயில்லை, கிட்டத்தட்ட வந்துவிட்டது என்று விடவில்லை, பலப்படுத்தச் சொன்னார்கள். எனக்கு 777ஐவிட இந்த ஏ380 கதைதான் அதிகம் பிடிக்கும். என் தொழிலில் "கிட்டத்தட்ட" என்பதற்குக் கையெழுத்துப் போடச் சொல்லி நச்சரிப்பவர்களை அன்றாடம் பார்க்கிறேன்.

ஜன்னலோரம் உட்கார்ந்தால் இறக்கையின் நுனி ஆடுவது தெரியும். ஆட வேண்டும் என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆடாமல் விறைப்பாக இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

8 ஜூன், இரவு

"நீங்கள் இறக்கையைப் பார்ப்பீர்களா அக்கா, அல்லது பக்கத்து இருக்கைக்காரர் கையைப் பிடிப்பீர்களா?" என்று சயான் நண்பர் கேட்கிறார். பக்கத்து இருக்கைக்காரர் யார் என்பதைப் பொறுத்தது.

11 ஜூன்

கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை: ஏன் உள்ளங்கை வியர்க்கிறது?

கடந்த மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன விமானம் மியான்மருக்கு மேலே பலமாகக் குலுங்கி, பாங்காக்கில் இறங்கியதே, நினைவிருக்கும். 73 வயதுப் பயணி ஒருவர் இறந்தார். நிறையப் பேருக்கு முதுகிலும் தலையிலும் அடி. முதல் நாள் செய்திகளில் "சில நிமிடங்களில் 6,000 அடி கீழே விழுந்தது" என்று போட்டார்கள். அதைப் படித்துவிட்டு நானே சென்னை டிக்கெட்டை ரத்து செய்யலாமா என்று யோசித்தேன்.

ஒரு வாரத்தில் சிங்கப்பூர் விசாரணையாளர்களின் முதற்கட்ட அறிக்கை வந்தது. அந்த 6,000 அடி, விமானி பின்னர் தானாகவே நிதானமாக இறக்கியது. குலுக்கலில் விமானம் உண்மையில் இழந்த உயரம் 178 அடி, 4.6 விநாடிகளில். 37,000 அடிக்கு மேல் பறந்துகொண்டிருந்த விமானத்துக்கு 178 அடி.

ஆனால் உள்ளே இருந்தவர்களுக்கு அது 178 அடியாகத் தெரிந்திருக்காது. முதல் 0.6 விநாடியில் உடல் எடை தலைகீழாகிவிட்டது; பெல்ட் போடாதவர்கள் கூரையில் மோதினார்கள். நம் உள்காதில் இருக்கும் உறுப்புக்கு உயரத்தை அளக்கத் தெரியாது, வேகம் மாறுவதைத்தான் அளக்கத் தெரியும். பத்தடி இறங்கினாலும் ஆயிரம் அடி இறங்கினாலும், திடீரென்று இறங்கினால் அது ஒரே கூச்சல்தான் போடும். ஜன்னலுக்கு வெளியே மேகம் மட்டுமே இருந்தால் கண்ணாலும் அந்தக் கூச்சலை மறுக்க முடியாது. வயிறு கவ்வுகிறது, கை வியர்க்கிறது. உங்கள் உடல் சரியாகத்தான் வேலை செய்கிறது, தம்பி. அளவைச் சொல்வதில் மட்டும்தான் தவறுகிறது.

தண்ணீர் பாட்டிலைப் பாதி நிரப்பி முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். வயிறு "விழுந்துவிட்டோம்" என்று சொல்லும்போது தண்ணீரைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு விரல்கடை அளவு அலை எழும், அவ்வளவுதான். என்னை நானே தணிக்கை செய்ய இதைவிட நல்ல ஆவணம் கிடைக்கவில்லை.

15 ஜூன்

நேற்று மும்பையிலிருந்து சென்னை வந்தேன். மழை தொடங்கிய பிறகு முதல் பயணம். சுடச்சுட எழுதிவிடுகிறேன்.

மும்பையில் மழைக்காலப் புறப்பாட்டுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அரபிக்கடலிலிருந்து வரும் பருவக்காற்று தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில்தான் மிக வேகமாக வீசும். நிலத்தில் வெறும் மழை, மேலே ஆறு ஓடுகிற வேகத்தில் காற்று. விமானம் ஏறும்போது அந்த அடுக்கைக் குறுக்கே கடந்துதான் ஆக வேண்டும். பிறகு கிழக்கே திரும்பினால் மேற்குத் தொடர்ச்சி மலை. அங்கே அதே காற்று மோதி மேலே எழும்புகிறது. அதனால் முதல் கால் மணி நேரம் ஆடும். ஆடாமல் போனால்தான் அதிசயம்.

இது தெரிந்திருந்தும் நேற்று ஓர் இடத்தில் எனக்கு நெஞ்சு அடைத்தது. அது குலுக்கலால் அல்ல, சத்தத்தால். ஓடுபாதையை விட்டு எழும்பிக் கொஞ்ச நேரத்தில், 1,500 அடி வாக்கில், எஞ்சினின் முழக்கம் சட்டென்று தணியும். மூக்கும் லேசாகத் தாழும். அந்தக் கணத்தில் "எஞ்சின் நின்றுவிட்டது, கீழே போகிறோம்" என்று உடல் முடிவு கட்டிவிடும். உண்மையில் விமானி புறப்பாட்டு விசையிலிருந்து ஏறுவதற்கான விசைக்குக் குறைக்கிறார். விமானம் அப்போதும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. ஏறும் வேகம் மட்டும் குறைகிறது. காது அதை இறங்குவதாகப் படிக்கிறது. தொடர்ந்து இறக்கைக்கு அடியில் இழுவைச் சத்தம் கேட்கும், புறப்பாட்டுக்காக நீட்டியிருந்த இறக்கை மடிப்புகள் உள்ளே போகின்றன.

அந்த நிமிடத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தும் வலது கால் தானாகவே தரையில் பிரேக்கை அழுத்தியது. பக்கத்தில் இருந்த பெரியவர், நெற்றியில் திருநீறு, நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு, என் காலைப் பார்த்துவிட்டு, "அம்மா, இங்கே பிரேக் அவர்கிட்ட இருக்கு" என்று முன்பக்கம் கையைக் காட்டினார். அந்தச் சிரிப்பிலேயே பாதிப் பயம் போய்விட்டது.

மேகத்துக்கு மேலே வந்த பிறகு சென்னை வரை ஒரு சலனமும் இல்லை.

16 ஜூன்

ஆடும்போது கையை என்ன செய்வது என்று முலுண்டுத் தம்பி கேட்கிறார். முன் இருக்கையை இறுக்கிப் பிடிப்பது வேண்டாம். உடல் விறைத்தால் ஒவ்வொரு குலுக்கலும் இரண்டு மடங்காகத் தெரியும். முன்னால் தூங்குபவருக்கும் நல்லதில்லை.

இடது கையால் எழுதிப் பாருங்கள். நான் மளிகைப் பட்டியல் எழுதுவேன். துவரம்பருப்பு வரை சமாளித்துவிடலாம். மிளகாய்த்தூளில் "ளகா" கொஞ்சம் படுத்தும். கொழுக்கட்டை மாவில் "ழு" வரும்போது மூளைக்கு வேறு எதற்கும் இடம் இருக்காது. நேற்றைய பட்டியலை வீட்டுக்காரர் பார்த்துவிட்டு இது எந்தக் காலத்துக் கல்வெட்டு என்று கேட்டார்.

மூச்சையும் சொல்லிவிடுகிறேன். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும். ஆழமாக இழு, ஆழமாக இழு என்று சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்டு நான் இன்னும் படபடப்பாகித் தலை சுற்றிப் போயிருக்கிறேன். மெதுவாக விடுங்கள்; இழுப்பது தானாக நடக்கும்.

22 ஜூன்

மாத்திரை பற்றி எழுத வேண்டாம் என்றிருந்தேன். ஆனால் "மச்சானிடம் இருக்கிற தூக்க மாத்திரையில் பாதி போட்டுக்கொண்டேன், ஒன்றுமே தெரியவில்லை" என்று ஒருவர் பெருமையாக எழுதியிருப்பதால் சொல்கிறேன். பதற்றத்துக்குக் கொடுக்கும் அல்பிரசோலம் வகை மாத்திரைகள் மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் இருப்பவை. காரணமில்லாமல் அந்தப் பட்டியலில் போடவில்லை. மச்சானின் சீட்டு உங்கள் சீட்டு ஆகாது. வேறு மருந்தோ மதுவோ உள்ளே இருந்தால் ஆபத்து.

மதுவைப் பற்றி: வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் குறிப்புகளில் "ஒரு கோப்பை ஒயின் அருந்துங்கள்" என்று இருக்கும். நம் உள்நாட்டு விமானங்களில் அது கொடுப்பதே இல்லை. நல்லதாகப் போயிற்று.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்தே தூக்கம் கெடுகிறது, வேலையை மறுக்கிறீர்கள், வீட்டில் சண்டை வருகிறது என்றால் ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள். படிப்படியாகப் பழக்கிப் பயத்தைக் குறைக்கும் முறைகள் அவர்களிடம் இருக்கின்றன. மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம். இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

3 ஜூலை

நேற்றைய செய்தியைப் பார்த்திருப்பீர்கள். மாட்ரிட்டிலிருந்து உருகுவே போன விமானம் அட்லாண்டிக்குக்கு மேலே குலுங்கிப் பிரேசிலில் இறங்கியது. முப்பதுக்கும் மேற்பட்டோருக்குக் காயம். ஒருவர் மேலே சாமான் வைக்கும் பெட்டிக்குள் போய்ச் சிக்கி, மற்றவர்கள் இறக்கிவிடும் காட்சி எல்லோருடைய தொலைபேசியிலும் சுற்றுகிறது. எனக்கு ஐந்து பேர் அனுப்பினார்கள். நான் பயப்படுவேன் என்று தெரிந்தே அனுப்பினார்கள்.

அந்தக் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். விமானம் முழுசாக இருக்கிறது. விளக்கு எரிகிறது. இறங்கவும் செய்தது. அடிபட்டது விமானத்துக்கு அல்ல, அதனுள்ளே கட்டப்படாமல் இருந்தவற்றுக்கு.

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் கணக்கு ஒன்று உண்டு. 2009 முதல் 2022 வரை அவர்களுடைய விமானங்களில் குலுக்கலால் பலத்த காயமடைந்தவர்கள் 163 பேர். அவர்களில் 129 பேர் விமானப் பணியாளர்கள். பயணிகள் 34 பேர் மட்டும். பணியாளர்கள் நின்றுகொண்டு நமக்குக் காபி ஊற்றுகிறார்கள், அதனால் அடிபடுகிறார்கள். தணிக்கையில் இப்படி ஒரு பட்டியல் கையில் கிடைத்தால் நான் அடுத்த பக்கத்துக்குப் போகவே மாட்டேன்.

நம் ஊர்க் கதையும் உண்டு. 2022 மே 1 அன்று மும்பையிலிருந்து துர்காபூர் போன விமானம் இறங்கும் நேரத்தில் இடிமேகத்துக்குள் மாட்டியது. வங்காளத்தின் கோடைச் சூறைக்காற்று. பத்துக்கும் மேற்பட்டோருக்குக் காயம்; ஒருவர் பல மாதம் சிகிச்சையில் இருந்து இறந்துபோனார். விமானம் ஓடுபாதையில் சரியாகத்தான் இறங்கியது.

ஆகவே முதல் நாள் கேள்வியை இப்போது நான் வேறு மாதிரிக் கேட்பேன். விமானம் விழுமா என்று நினைத்து நாம் செலவிடும் பயம் அத்தனையும் தவறான கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. நாம் விழுவோமா என்பதுதான் கேள்வி, விமானத்துக்குள்ளேயே. அதற்கான விடை இடுப்பில் இரண்டு அங்குல அகலத்தில் இருக்கிறது. மியான்மருக்கு மேலே பெல்ட் விளக்கு எரிந்ததற்கும் மக்கள் கூரையில் மோதியதற்கும் இடையே இருந்தது எட்டு விநாடி. எட்டு விநாடியில் கழிப்பறையிலிருந்து திரும்பி வர முடியாது. உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் போட்டிருப்பது ஒன்றே வழி. வயிற்றின் மேலே அல்ல, இடுப்பெலும்பின் மேலே, இறுக்கமாக.

3 ஜூலை, சற்று நேரம் கழித்து

"பெல்ட் போட்டால் மூச்சு முட்டுகிறது" என்பவருக்கு: சேலைக் கொசுவத்தின் மேலே போடாதீர்கள், உள்ளே தள்ளிவிட்டுப் போடுங்கள். வேட்டிக்காரர்கள் மடித்துக் கட்டியதை இறக்கிவிட்டுப் போடவும்.

9 ஜூலை

நேற்று மும்பையில் கொட்டித் தீர்த்ததே. ரயிலும் நின்றது, விமானங்களும் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. அலுவலகத்தில் என்னோடு வேலை செய்யும் பெண் அப்படி ஒரு விமானத்தில் இருந்தாள். காட்கோபரின் கூரைகள் தெரிகிற உயரத்துக்கு வந்தாயிற்று. திடீரென்று எஞ்சின் அலற, மூக்கு மேலே தூக்க, மறுபடி மேகத்துக்குள். உள்ளே ஒரே அழுகை. "ஏதோ ஆகிவிட்டது, விமானிக்கு இறக்கத் தெரியவில்லை" என்று பின்னால் ஒருவர் கத்தினாராம்.

இதற்குப் பெயர் கோ-அரவுண்ட். ஓடுபாதை கண்ணுக்குத் தெரிய வேண்டிய உயரத்தில் தெரியவில்லை, காற்று திடீரென்று திசை மாறுகிறது, முன்னால் இறங்கிய விமானம் இன்னும் விலகவில்லை. இவற்றில் எது நேர்ந்தாலும் விமானி செய்ய வேண்டியது இதுதான். வேறு ஊருக்குப் போகும் எரிபொருளும், அங்கே போன பிறகு இன்னும் அரை மணி நேரம் சுற்றும் எரிபொருளும் கையில் இருக்க வேண்டும் என்பது விதி. அவசரமே இல்லை.

பயப்பட வேண்டியது இறங்காமல் மேலே போகும் விமானியை அல்ல. 2010 மே 22 மங்களூர் விபத்தின் விசாரணையைப் படித்தவர்களுக்குத் தெரியும்: துணை விமானி மேலே போகலாம் என்று மூன்று முறை சொல்லியும் தலைமை விமானி இறக்குவதிலேயே குறியாக இருந்தார். அதனால் எஞ்சின் அலறி மூக்கு தூக்கினால் நான் இப்போது மனதுக்குள் அந்த விமானிக்கு ஒரு கும்பிடு போடுகிறேன். கை நடுங்கிக்கொண்டேதான், ஆனாலும் கும்பிடு.

14 ஜூலை

ரயில் பக்கம் பேச்சு திரும்பிவிட்டது. மாட்டுங்கா மாமா நாகர்கோவில் எக்ஸ்பிரஸின் பெருமையை இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார்: சோலாப்பூர் வெயில், ஆந்திரா, பிறகு தமிழ்ப் பலகை கண்ணில் படும்போது வருகிற சந்தோஷம். எல்லாம் சரி, மாமா. நானும் அதில்தான் வளர்ந்தேன்.

"தரையில் ஓடுவது எப்போதும் பத்திரம்" என்று முடித்திருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கை அரிக்கிறது. மும்பை புறநகர் ரயில் பாதைகளில் 2023இல் மட்டும் 2,500 பேருக்கு மேல் இறந்தார்கள். தண்டவாளத்தைக் கடந்தவர்கள், வாசலில் தொங்கியவர்கள். குர்லாவில் ஏறும்போது நம்மில் யாருக்காவது உள்ளங்கை வியர்த்திருக்கிறதா?

இந்த ஒப்பீட்டால் யாருடைய பயமும் தீர்ந்ததில்லை என்பதும் எனக்குத் தெரியும். குர்லாவில் கம்பியை நாம் பிடித்திருக்கிறோம். விமானத்தில் பிடிக்க ஒன்றும் இல்லை. எண்ணிக்கையைவிட அதுதான் உறுத்துகிறது போலிருக்கிறது.

20 ஜூலை

எந்த இருக்கை என்று பலர் கேட்டதால்: இறக்கைக்கு நேரே. விமானம் மூக்கும் வாலுமாக ஆடும்போது நடுப்பகுதி குறைவாக அசையும், கடைசி வரிசை அதிகம் வீசும். நேரம், அதிகாலை. வெயில் ஏறித் தரை சூடானால் காற்று குமிழியாக எழும்பத் தொடங்கும். ஏப்ரல், மே மாலைகளில் இடிமேகமும் சேர்ந்துகொள்ளும். மழைக்காலத்தில் இந்தக் காலை-மாலை வித்தியாசம் அவ்வளவாகப் பொருந்தாது, மழை நேரம் பார்ப்பதில்லை.

விமானியின் ரேடாருக்கு மழைத்துளி தெரியும். அதை வைத்துத்தான் இடிமேகங்களைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். நம் வெப்பமண்டல இடிமேகங்கள் 50,000 அடிக்கும் மேலே வளரக்கூடியவை. தாண்டிப் போக முடியாது, சுற்றித்தான் போக வேண்டும். தெளிந்த வானத்துக் கொந்தளிப்பு ரேடாரில் தெரியாது. முன்னால் போன விமானி சொன்னால் உண்டு.

எங்கே ஆடும் என்று காட்டும் வரைபடங்கள் இணையத்தில் இருக்கின்றன. ஒரு காலத்தில் எல்லோருக்கும் சிபாரிசு செய்தேன். இப்போது தயங்குகிறேன். முந்தின நாள் இரவு இரண்டு மணிக்குப் படுக்கையில் உட்கார்ந்து ஹைதராபாத்துக்கு மேலே மஞ்சள் நிறம் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது தயாரிப்பு அல்ல. ஒரு முறை பாருங்கள், மூடிவிடுங்கள். முடியாது என்றால் பார்க்கவே வேண்டாம்.

5 ஆகஸ்ட்

கொரிய விமான நிறுவனம் ஒன்று சாதாரண வகுப்பில் சுடச்சுடக் கொடுத்துவந்த நூடுல்ஸை இந்த மாதம் 15ஆம் தேதியிலிருந்து நிறுத்துகிறதாம். குலுங்கும்போது கொதிநீர் மேலே கொட்டிவிடுகிறது. சிங்கப்பூர்க்காரர்கள் மே மாத விபத்துக்குப் பிறகு, பெல்ட் விளக்கு எரியும்போது உணவு, காபி எதையும் பரிமாறுவதில்லை என்று முடிவெடுத்தார்கள்.

நம் விமானங்களில் கொடுக்கும் காபியைப் பார்க்கும்போது, அது கொட்டினாலும் நஷ்டம் இல்லை என்றுதான் தோன்றுகிறது. ஆனாலும் மடியில் குழந்தை இருந்தால் வாங்காதீர்கள்.

15 ஆகஸ்ட்

முலுண்டுத் தம்பி அடுத்த வாரம் புறப்படுகிறார். இரண்டு கேள்விகள் அனுப்பியிருக்கிறார்.

ஒன்று: சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் காற்றாடி விமானம் ஜெட்டைவிட ஆபத்தா? ஏடிஆர்-72 என்ற அந்தக் காற்றாடி விமானம் பெரும்பாலும் 20,000 அடிக்குக் கீழே பறக்கும். ஜெட் மேகத்தைத் தாண்டி மேலே போய்விடுகிறது. இது மேகங்களுக்கு நடுவிலேயே போக வேண்டும். இலேசானது வேறு. அதனால் கூடுதலாக ஆடும். ஆட்டம் அதிகம் என்பதால் ஆபத்து அதிகம் என்றாகாது. அதே ஒன்றரை மடங்கு விதி அதற்கும் உண்டு. சத்தமும் கூடுதல், காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு: குழந்தைக்கு இன்னும் இரண்டு வயது ஆகவில்லை, மடியில்தான். கட்டிப் பிடித்துக்கொண்டால் போதாதா? போதாது, தம்பி. பெற்ற பாசம் எவ்வளவு இருந்தாலும் எடை தலைகீழாகும் அரை விநாடியில் கை நிற்காது. பணிப்பெண்ணிடம் கேட்டால் குழந்தைக்கான பெல்ட் கொடுப்பார். அது உங்கள் பெல்ட்டில் கோத்துக்கொள்வது. உங்கள் பெல்ட்டுக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்துக் கட்டிவிடாதீர்கள், அமுங்கிவிடும். அதைவிட நல்லது, தனி இருக்கை வாங்கி, விமானத்துக்கென்று சான்றிதழ் பெற்ற குழந்தை இருக்கையைப் பொருத்துவது. அமெரிக்க அதிகாரிகள் மடி பெல்ட்டையே அனுமதிப்பதில்லை. செலவுதான். முடிந்தால் செய்யுங்கள்.

18 ஆகஸ்ட்

"பருவநிலை மாற்றத்தால் குலுக்கல் அதிகரிக்கிறது என்கிறார்களே?" ஆமாம். ரெடிங் பல்கலைக்கழகத்தின் 2023ஆம் ஆண்டு ஆய்வின்படி, வட அட்லாண்டிக்கில் தெளிந்த வானத்துக் கடுமையான கொந்தளிப்பின் நேரம் 1979க்கும் 2020க்கும் இடையே 55 சதவீதம் கூடியிருக்கிறது. கூடியும் ஆண்டுக்கு 17.7 மணி நேரம் 27.4 ஆனது, அதுவும் அந்தக் கடலின் மேலே ஓர் இடத்தில். சதவீதத்தை மட்டும் தலைப்பில் போட்டுவிட்டு மணியை உள்ளே ஒளித்துவைத்த பத்திரிகைகளை நான் தணிக்கை செய்ய நேர்ந்தால் இருக்கிறது அவர்களுக்கு.

1 செப்டம்பர்

வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது. படம் அனுப்பியிருக்கிறார், தங்கையின் இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல்.

போன கதை: மும்பையில் ஏறும்போது நன்றாக ஆடியதாம். எஞ்சின் சத்தம் தணிந்தபோது இவரே மனைவியிடம் விளக்கியிருக்கிறார். சென்னையிலிருந்து போன காற்றாடி விமானம் மதுரையைத் தாண்டியதும் தூக்கித் தூக்கிப் போட்டதாம். உள்ளங்கை வியர்த்தது, ஆனால் முன் இருக்கையைப் பிடிக்கவில்லை; இடது கையால் மொய்ப் பட்டியலைப் பாதி எழுதிவிட்டார். குழந்தை முழுநேரமும் தூங்கியது.

மனைவிதான் இப்போது விமானத்தில் ஏற மாட்டேன் என்கிறாராம். திரும்புவதற்கு ரயிலில் முன்பதிவு பார்க்கச் சொல்கிறார். என்ன செய்வது என்று கேட்கிறார் தம்பி.

வற்புறுத்தாதீர்கள். திருநெல்வேலியிலிருந்து மும்பைக்கு வெயிட்டிங் லிஸ்டில் போட்டுவையுங்கள். உறுதியானால் அத்தையிடம் புளியோதரை கட்டித்தரச் சொல்லி ரயிலில் வாருங்கள். ஆகாவிட்டால் திருவனந்தபுரத்திலிருந்து மும்பைக்கு நேராக ஜெட் இருக்கிறது. நாகர்கோவில் வழியாகக் காரில் போய்விடலாம், காற்றாடி விமானத்துக்கு அவசியமே இல்லை. காலை விமானமாகப் பாருங்கள். காரில் போகும்போதும் குழந்தையை முன் இருக்கையில் மடியில் வைக்காதீர்கள்.